பேஸ்மட்டத்துக்கு அடியில் நாலடி இடம்: கட்டட விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலாளர், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், இயக்குநர், நகர் ஊரமைப்பு இயக்ககம்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் பதிவுபெற்ற கட்டடப் பொறியாளர். அடையாறு ஓடும் புறநகர்ப் பக்கம் இருபத்திரண்டு வருடமாகச் சின்னச் சின்ன வீடுகளுக்கு பிளான் போட்டு, அப்ரூவல் வாங்கிக் கொடுத்து, கடகால் வெட்டுவதிலிருந்து கிரகப்பிரவேசம் வரை கூடவே நிற்கிறேன். பெரும்பாலும் அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு மனைகள். வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துப் போட்டுக் கட்டுகிற ஜனங்கள். அவர்களுக்காகவும், இரண்டு மழைக்காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்காகவும் இதை எழுதுகிறேன். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்துகிறவர்கள், மண் கொட்டாமல் தூண் மேல் நிறுத்திக் கீழே நாலடி வெற்றிடம் விட விதியில் இடம் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

போன மாதம் ஒரு பெரியவர் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். 1994-ல் கட்டிய வீடு. வாசலில் நின்றபடியே சொன்னார்: “கட்டும்போது மூணு படி ஏறித்தான் சார் உள்ள போவோம். இப்ப ரெண்டு படி இறங்குறோம்.” மட்டம் அளக்கிற ஆட்டோ லெவல் கருவியை வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ரோட்டைவிட ஒன்றரை அடி மேலே இருந்த தரை இன்று ரோட்டைவிட ஓரடி கீழே இருக்கிறது. வீடு ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. ரோடுதான் முப்பது வருடத்தில் இரண்டரை அடி ஏறியிருக்கிறது. வீட்டைச் சுற்றியிருக்கும் மண்ணும், வருடாவருடம் அவர் ரப்பிஷ் கொட்டிக் கொட்டி, வீட்டுத் தரை மட்டத்துக்கே வந்துவிட்டது.

பெரியவரின் மனைவி, அந்த அம்மா, என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். கதவின் உட்பக்கம் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் 2.12.2015 என்று தேதி. தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலம். சுவரில் இருந்த கறையெல்லாம் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் போய்விட்டதாம். “இது மட்டும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்பா, திரும்பக் கட்டினா எவ்வளவு ஒசரம் வேணும்னு தெரியணும்ல?” என்றார். அந்தத் தெரு முழுவதிலும் வெள்ள மட்டத்துக்கு இருக்கிற ஒரே பதிவு அந்தப் பென்சில் கோடுதான் என்று நினைக்கிறேன்.

2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் என்று ஆற்றோரம் முழுக்க ஜனங்கள் மாடியில் ஏறி நின்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடி வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் மூழ்கின. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த இரண்டு வெள்ளத்துக்கும் நடுவில் என்னைப் போன்ற பொறியாளர்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டை உயர்த்தினோம். உயர்த்துவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மனையைச் சுற்றி ஒரு சுவர் கட்டு, உள்ளே கிராவலும் ரப்பிஷும் கொட்டு, தண்ணீர் விட்டு இடி, அதன் மேல் வீட்டின் அடிமேடையான பேஸ்மட்டம் போடு. மிக்ஜாமுக்கு மூன்று வருடம் முன்னால் ஒரு 1,200 சதுர அடி மனையில் நான் இதைத்தான் செய்தேன். காலிமனையாக இருந்த இடம். நாலடி உயரத்துக்கு நிரப்பினோம். 48 யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி), மூன்று யூனிட் டிப்பரில் பதினாறு லோடு. பிளான் சரி, பக்க இடைவெளி சரி, அப்ரூவல் சரி. விதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. மிக்ஜாமின்போது அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரர் ஃபோன் செய்து நன்றி சொன்னார்.

அதற்கு இடது பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் வீடு. 2015-ல் அந்த வீட்டில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. மிக்ஜாமுக்கு எங்கள் பக்கம் அவ்வளவு மழை இல்லை, ஆனால் நாலு நாள் நின்றது. முன்பெல்லாம் அந்தக் காலிமனை வழியாகத்தான் தண்ணீர் வடிந்து பின்தெருக் கால்வாய்க்குப் போகும். வழியை நான் அடைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் நான் போனபோது, மாவு அரைக்கிற கிரைண்டரை வெளியே எடுத்துவைத்து மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: “அந்த வூட்ட ஒசத்திட்டீங்க, நல்லது. அந்த எடத்துல நிக்க வேண்டிய தண்ணி எங்க போவும்னு யோசிச்சீங்களா சார்?”

யோசிக்கவில்லை. அன்று இரவுதான் கணக்குப் போட்டேன். 1,200 சதுர அடியில் நாலடி உயரம் என்றால் 4,800 கன அடி. நாலடித் தண்ணீர் நிற்கிற நாளில் அந்த மனை தாங்கியிருக்க வேண்டிய தண்ணீர் 1,35,000 லிட்டருக்கு மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பதினோரு லாரி. அதை எடுத்துப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்திருக்கிறேன். ஆறே கரை உடைத்து வரும்போது ஒரு மனையின் கணக்கு கண்ணுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் வருடந்தோறும் நடப்பது ஆற்று வெள்ளம் அல்ல, தெருவுக்குள் விழுந்து வடிய வழியில்லாமல் நிற்கிற மழைத் தண்ணீர். அதற்கு ஒவ்வொரு மனையும் கணக்கு. தெருவில் பத்து வீடு இப்படி மண் கொட்டி ஏறிவிட்டால், ஏற வசதியில்லாத பதினோராவது வீடு குளமாகிவிடுகிறது.

வேறு வழி இருக்கிறது. தூண்களை மட்டும் தரையிலிருந்து எழுப்பி, நாலடி உயரத்தில் பீம் கட்டி, அதன் மேல் கான்கிரீட் தளம் போட்டு, வீட்டை அங்கே ஆரம்பிப்பது. கீழே மண் கொட்டாமல் வெறுமனே விட்டுவிடுவது. 800 சதுர அடி வீட்டுக்கு ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பன்னிரண்டு தூண் வைத்தால், அத்தனை தூணும் சேர்ந்து அடைக்கிற இடம் ஒன்பது சதுர அடி. நாலடித் தண்ணீரில் அது இடம்பெயர்ப்பது ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். மண் கொட்டினால் 1,35,000 லிட்டர், தூணில் நிறுத்தினால் ஆயிரம் லிட்டர். அந்த அக்காவுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது ஒன்றுதான்.

அமெரிக்காவில் இந்த இடத்துக்கு ‘கிரால் ஸ்பேஸ்’ என்று பெயர். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும் என்பதால் வந்த பெயர். என் மேஸ்திரி ‘பொந்து’ என்கிறார். இந்த மடலில் அடிவெளி என்று சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் விதியில் எழுதும்போது இதைவிட நல்ல பெயர் வைத்தால் சந்தோஷம். பெயர் முக்கியம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பெயர் இல்லாததால்தான் என் பிளான் திரும்பி வந்தது.

பெரியவர் வீட்டை இடித்துவிட்டுக் கட்டுவதற்கு அப்படித்தான் வரைந்துகொண்டு போனேன். மனை மட்டத்திலிருந்து நாலடி மேலே தரை. அந்த அம்மாவின் பென்சில் கோட்டுக்கு மேல் பத்து அங்குலம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர் என்னை மரியாதையாக உட்கார வைத்து, டீ வரவழைத்து, வரைபடத்தை இரண்டு முறை பார்த்தார். “ஸ்டில்ட்னு போட்டா கார் நிக்கணும் சார். நாலடில கார் நிக்குமா? பேஸ்மென்ட்னு போட்டா தரைக்குக் கீழ இருக்கணும். இது மேல இருக்கு. தளம்னு எடுத்தா உங்க பிளான் ஒரு மாடி கூடுது. நான் இத எந்தக் கட்டத்துல எழுதுறது?” அவர் கேட்டதில் தப்பில்லை. கடைசியாகச் சொன்னார்: “மண்ணு கொட்டி ஒசத்திக் கொண்டாங்க, இன்னிக்கே பாத்துடலாம்.”

ஊருக்குக் கெடுதல் செய்கிற வழிக்கு ஒரு கேள்வியும் இல்லை. கெடுதல் செய்யாத வழிக்குக் கட்டம் இல்லை.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை நான் மதிக்கிறேன். அதற்கு முன்னால் ஊருக்கு ஒரு விதி, அலுவலகத்துக்கு ஒரு விதி என்று நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு, ஒன்றரையிலிருந்து இரண்டானது சின்ன மனைக்காரர்களுக்குப் பெரிய உதவி. வண்டி நிறுத்துகிற ஸ்டில்ட்டை எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேர்ப்பதில்லை என்று வைத்ததும் நல்லது. தெருவில் வண்டி நிற்கக் கூடாது என்பதற்காக அந்தச் சலுகை தந்தீர்கள். தெருவில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதற்காக அதே சலுகையை அடிவெளிக்கும் தாருங்கள். எஃப்.எஸ்.ஐ. கணக்கிலும் சேர்க்க வேண்டாம், மாடிக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம், கட்டடத்தின் மொத்த உயரத்திலும் அந்த நாலடியைக் கழித்துவிடுங்கள்.

2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்துக்கு இது இன்னும் அவசியம். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமோ தரைத்தளமும் ஒரு மாடியுமோ இருந்தால் ஆன்லைனில் உடனே அனுமதி என்று அப்போது வைத்தீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் அடிவெளியைத் தளம் என்று எண்ணிவிட்டால், கீழ்வீடும் மாடியும் கட்டுகிறவர் ‘தரையும் இரண்டு மாடியும்’ ஆகி, திட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். உடனே கிடைக்கிற அனுமதியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அலைய யாருக்கு மனசு வரும்? பேசாமல் பதினாறு லோடு மண்ணைக் கொட்டிவிடுவார்.

உங்களுக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. இன்று அடிவெளி என்று வாங்குவான், நாளைக்குச் சுவர் எழுப்பி வாடகைக்கு விடுவான். ஸ்டில்ட் கடையாக மாறுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் நீங்கள். அதனால்தான் நாலடி என்று கேட்கிறேன். மண்ணிலிருந்து தளத்தின் அடிப்பாகம் வரை நாலடிக்கு மேல் கூடாது என்று கறாராக எழுதிவிடுங்கள். நாலடியில் யாரும் நிற்க முடியாது, குடியிருக்க முடியாது, கடை போட முடியாது. உள்ளே போக ஒரே ஒரு திறப்பு. அமெரிக்க விதியில் தளத்தில் விடுகிற திறப்புக்குக் குறைந்தபட்சம் ஒன்றரை அடிக்கு இரண்டடி என்று வைத்திருக்கிறார்கள், குழாய் வேலைக்கு ஒரு ஆள் நுழைய அது போதும். கரண்ட் பாயின்ட் கூடாது. செப்டிக் டேங்கோ சம்ப்போ அங்கே கூடாது. மீறினால் சலுகை ரத்து, அந்தப் பரப்பு முழுவதும் எஃப்.எஸ்.ஐ.யில் சேரும் என்று எழுதினால் யாரும் விளையாட மாட்டார்கள்.

இன்னொன்று கட்டாயம் வேண்டும். சுற்றி அடைக்கிறவர்களுக்குத் தண்ணீர் வழி. நாலடி வெளியை அப்படியே திறந்து விட்டால் நாய் படுக்கும், குப்பை சேரும் என்று ஜனங்கள் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். அடைத்தால் ஆபத்து. வெளியே மூன்றடித் தண்ணீர், உள்ளே காலி என்றால், சுவரின் ஒவ்வொரு அடி நீளத்திலும் ஏறக்குறைய 127 கிலோ பாரம் தள்ளும். இருபது அடிச் சுவருக்கு இரண்டரை டன். நாலரை அங்குலச் செங்கல் சுவர் அதற்கு நிற்காது. அமெரிக்காவின் வெள்ளக் காப்பீட்டு விதியில் இதற்குச் சுலபமான ஒரு கணக்கு இருக்கிறது: அடைத்த பரப்பு ஒரு சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலம் திறப்பு, குறைந்தது இரண்டு திறப்பு, திறப்பின் அடிப்பாகம் மண்ணிலிருந்து ஓரடிக்கு மேல் போகக் கூடாது. ஆள் யாரும் போய்த் திறக்காமல் தண்ணீர் தானாக உள்ளே வந்து தானாக வெளியே போக வேண்டும். 800 சதுர அடி வீட்டுக்கு ஓரடிக்கு ஓரடியில் ஆறு ஓட்டை போட்டால் கணக்கு தீர்ந்தது. எந்தக் கொத்தனாருக்கும் வாயால் சொல்லிப் புரியவைக்கலாம். அந்த ஆறு ஓட்டையையும் எதிரெதிர்ப் பக்கம் வைத்தால் காற்றும் ஓடும்.

கொசு வரும், பாம்பு வரும் என்று சொல்வார்கள். என்னிடம் பிளான் கேட்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதுதான். நியாயமான பயம். அடிவெளியின் தரையை மண்ணாக விடாமல் மெலிசாக பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு, கால்வாய்ப் பக்கம் சாய்வு கொடுத்து, ஓட்டைகளுக்குத் துருப்பிடிக்காத கம்பி வலை அடித்தால் மழை நின்றதும் உலர்ந்துவிடும். வலை தண்ணீரை மறிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு லாபமும் உண்டு. கழிவுக் குழாய் எங்கே ஒழுகுகிறது, கரையான் எந்தத் தூணில் ஏறுகிறது என்பதை டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கலாம். மண் கொட்டிய வீட்டில் தரை டைல்ஸ் உப்புப் பூத்து எழும்பின பிறகுதான் தெரியும்.

செலவு பற்றிப் பூசி மெழுக விரும்பவில்லை. மண் கொட்டுகிற காசு மிச்சம், ஆனால் கீழ்த்தரைக்கும் கம்பி கட்டி ஸ்லாப் போட வேண்டும்; கூட்டிக் கழித்தால் கொஞ்சம் கூடத்தான் ஆகும். இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது தூண்களில். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-ன் 2016 பதிப்பின்படி சென்னை மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்து உள்ள இடம். ஒரே வரிசையில் சில தூண் நாலடி, சில தூண் பத்தடி என்று கலந்தால், ஆட்டம் கொடுக்கும்போது குட்டைத் தூண்தான் பாரத்தை முழுக்க வாங்கி முதலில் வெடிக்கும். ஆகவே கலக்கக் கூடாது, ரிங் கம்பியை நெருக்கமாகக் கட்ட வேண்டும், கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்து வேண்டும் என்று விதியிலேயே சேர்த்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர் பொறுப்பேற்கட்டும். நான் ஏற்கிறேன்.

படி ஒரு சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அங்கேதான் பாதிப் பிளான் முட்டும். நாலடி ஏற எட்டுப் படி, ஏழு மிதி. மிதிக்குப் பத்து அங்குலம் என்றால் ஆறடிக்குப் பக்கம். பெரியவர் வீட்டுக்கு முன்பக்கம் விடுகிற இடமே ஐந்தடி. இந்த நெருக்கடியில்தான் ஜனங்கள் படியைத் தெருவுக்கு நீட்டி, மழைநீர் வடிகாலின் மேலேயே சாய்தளம் போட்டுவிடுகிறார்கள். அடிவெளி விட்ட வீட்டுக்கு, மேலே கூரையில்லாத திறந்த படியைப் பக்க இடைவெளியில் திருப்பிப் போட அனுமதித்தால் தெரு தப்பிக்கும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் என்றால் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் 48 அடி வேண்டும், சின்ன மனையில் நடக்காது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிற வீட்டுக்கு உயரத்தைக் குறைத்துக்கொள்கிற உரிமை இருக்கட்டும். எல்லா ஊருக்கும் நாலடி தேவையும் இல்லை. கணுக்கால் தண்ணீர் நிற்கிற தெருவுக்கு இரண்டடி தாராளம்.

எவ்வளவு தேவை என்பதை எங்கிருந்து அளப்பது? என் மடலில் நான் மிக அழுத்திச் சொல்ல நினைப்பது இதுதான். தேசிய கட்டட நெறித்தொகுப்பு பேஸ்மட்டம் சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது. பெரியவர் வீட்டு மூன்று படி கணக்காக அந்த 45 செ.மீ.தான். விதியை மீறி அவர் மூழ்கவில்லை, விதிப்படி கட்டி மூழ்கினார். 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுச் சாலை போட வேண்டும், சாலை மட்டம் ஏறக் கூடாது என்று உத்தரவிட்டார். பெரிய ரோடுகளில் மில்லிங் நடப்பதைப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்துச் சந்துகளில் பழைய தார் மேலேயே கான்கிரீட் ஊற்றுகிறார்கள். ஏறிக்கொண்டே போகிற ஒன்றிலிருந்து எந்த உயரத்தை அளந்தாலும் அது பத்து வருடத்தில் பொய்யாகிவிடும்.

கடல் மட்டத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். ஹார்வி புயலுக்குப் பிறகு 2018-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் மாநகராட்சி, வெள்ளச் சமவெளியில் கட்டும் புதுவீட்டின் தரை, ஐந்நூறு ஆண்டு வெள்ளம் (எந்த வருடமும் வர ஐந்நூறில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம்) என்று கணக்கிட்ட மட்டத்துக்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும் என்று விதி போட்டது. ரோட்டுக்கு மேலே என்று போடவில்லை, தண்ணீருக்கு மேலே என்று போட்டது. நமக்கு இரண்டு வெள்ளத்தின் மட்டம் இன்னும் ஜனங்கள் நினைவில் இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் பள்ளிக்கூடமோ கோயிலோ ஏதாவது நிலையான ஒரு கட்டடத்தில் கடல்மட்ட அளவை ஒரு பித்தளைக் குறியாகப் பதித்து, 2015 தண்ணீர் எவ்வளவு, 2023 தண்ணீர் எவ்வளவு என்று அருகிலேயே எழுதிவைக்கலாம். அதே எண்ணை அனுமதி வழங்கும் இணையதளத்தில் சர்வே எண்ணோடு சேர்த்துவிட்டால், பிளான் போடுகிற எவரும் அலமாரிக் கதவைத் திறந்து பார்க்க வேண்டியிராது. வெள்ளையடிக்க அடிக்க அந்தக் கோடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. இந்த ஒன்றையாவது இந்த வருடமே செய்யுங்கள்.

புதுவீட்டுக்காரர்களைப் பற்றியே பேசிவிட்டேன். இடித்துக் கட்ட முடியாதவர்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். சுவருக்கு அடியில் துளைத்து, இரும்பு சேனல் நுழைத்து, நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகளை வரிசையாக வைத்து, விசில் அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று. பார்க்கவே மூச்சடைக்கும். வீட்டுக்காரர்கள் மாடியில் குடியிருக்கும்போதே கீழே ஜாக்கி திருகியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கீழே குனிந்து திருகுபவர்கள் பெரும்பாலும் வடமாநிலத்துப் பையன்கள். இந்த வேலைக்கென்று தனி விண்ணப்பம், வீடு தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை, பக்கத்து வீட்டுக்கு முன்னறிவிப்பு, வேலை முடியும் வரை வீட்டைக் காலி செய்வது, தொழிலாளிகளுக்குக் காப்பீடு, இவ்வளவும் கட்டாயமாக வேண்டும். தூக்கிய பிறகு கீழே கிடைக்கிற நாலடியில் ரப்பிஷ் கொட்டாமல் அடிவெளியாக விட்டு, மேலே சொன்ன ஓட்டைகளைப் போட்டால், அவர்களுக்கும் சொத்து வரியிலோ அனுமதிக் கட்டணத்திலோ ஏதாவது குறைத்துக்கொடுங்கள். தூக்குகிறவர் தன் காசில் ஊருக்கும் ஒரு குட்டி ஏரி வெட்டித் தருகிறார்.

தரைக்குக் கீழே வெற்றிடம் விடுவது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. அசாமில் பிரம்மபுத்திராக் கரையில் வாழும் மிசிங் மக்கள் தலைமுறை தலைமுறையாக மூங்கில் கால் நட்டு அதன் மேல்தான் வீடு கட்டுகிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் குட்டநாட்டுப் பக்கம் தூண் மேல் வீடுகள் எழும்பின. என் பாட்டி வீட்டுத் திண்ணை இடுப்புயரம் இருக்கும்; சின்ன வயதில் ஏற முடியாமல் அழுதிருக்கிறேன். ஏன் அவ்வளவு உயரம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இந்த மடலோடு பெரியவர் வீட்டுக்கு நான் வரைந்த வரைபடம், தூண் விவரம், ஓட்டைகளின் கணக்கு, அந்தத் தெருவில் பதினான்கு வீடுகளின் தரை மட்டத்தை லெவல் வைத்து எடுத்த அட்டவணை எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். யாராவது ஒரு அதிகாரி ஒரு நாள் காலை நேரில் வந்தால் கருவியோடு தயாராக நிற்பேன். இட்லிக்கடை அக்காவின் வீட்டையும் காட்டுகிறேன், நான் மண் கொட்டிய வீட்டையும் காட்டுகிறேன். இரண்டும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன.

பெரியவருக்கு எழுபத்தி நான்கு வயது. மண் கொட்டிக் கட்டினால் அடுத்த வாரமே வேலையை ஆரம்பிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களோடு முப்பது வருடம் பழகியவர், வேண்டாம் என்றுவிட்டார். ஐப்பசிக்கு முன்னால் ஏதாவது பதில் வருமா என்று கேட்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
பதிவுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்